சுண்டுவிரலும் வாய்க்கால் கரையும்

முதலில் தெரிந்தது ரசம் சாதத்தில்தான். பிசைந்து எடுத்த சோறு வாய்க்குப் போகும் வழியில் ஒழுகி வேட்டியில் விழுந்தது. விரல்களைச் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தேன். மற்ற விரல்கள் சேர்ந்தன. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் கூட்டத்திலிருந்து வெளிநடப்புச் செய்த உறுப்பினரைப் போல விலகி நின்றது.

"என்ன, சின்னப்புள்ள கணக்கா சிந்துறீக?" என்றாள் என் மனைவி கோமதி.

"வயசாகுது" என்றேன். தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனிடம் எதற்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

சில நாள் கழித்துச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பிறகு பேனா வழுக்கியது. நான் இதை எழுதுவது இப்படிக் கை மரத்துப்போனவர்களுக்காக. துண்டுக்குள் கையை ஒளித்துக்கொண்டு, யாரும் இல்லாத நேரத்தில் ஊசியால் குத்திப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் சிலராவது இருப்பார்கள். நானும் குத்திப் பார்த்தேன். சுண்டுவிரலில் ஊசி போனது தெரியவில்லை. மோதிர விரலில் ஒரு பாதியில் தெரியவில்லை, மறுபாதியில் சுருக்கென்றது. ஒரே விரலுக்குள் எல்லைக்கல் நட்டாற்போல் இருந்தது. நில அளவைக்காரர்கள்கூட அவ்வளவு சுத்தமாக எல்லை போட்டு நான் பார்த்ததில்லை.

நோயைச் சொல்வதற்கு முன் ரோட்டைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு சின்னமனூரில். எங்கள் தென்னந்தோப்பு உத்தமபாளையம் போகும் வழியில். ஓய்வு பெற்ற பின் தினமும் காலையில் சைக்கிளில் தோப்புக்குப் போய், உச்சிவெயிலுக்குள் திரும்பிவிடுவேன். நல்ல கப்பி ரோடு, இருபுறமும் புளியமரம். மாட்டுவண்டியும் சைக்கிளும் கால்நடையாகப் போகிறவர்களும் ஒருவருக்கொருவர் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

பிறகு மோட்டார் பஸ் வந்தது. ஒரு கம்பெனியின் பஸ் ஓடியவரை பொறுத்துக்கொண்டோம். இரண்டாவது கம்பெனி வந்ததும் ரோடு பந்தயத் திடலாகிவிட்டது. அடுத்த ஊரை எந்த பஸ் முதலில் தொடுகிறதோ, அங்கே காத்து நிற்கும் ஆட்கள் அதற்கு. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று முந்தின. முந்துவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் எப்போது பார்த்தாலும் சைக்கிள்காரன் போய்க்கொண்டிருக்கும் இடமாகவே இருந்தது.

"ஏலே, எறங்குலே பள்ளத்துல!" என்று படியில் தொங்கிக்கொண்டே கண்டக்டர் கத்துவான். பஸ் என்னைக் கடக்கும்போது முகம் தெரியும். "ஐயாவா? பாத்து வாங்கய்யா!" என்பான். மரியாதை வந்து சேரும்போது நான் பள்ளத்தில் இருப்பேன்.

மனு எழுதினேன். யாருக்கு எழுத வேண்டும், யாருக்கு நகல் வைக்க வேண்டும், எந்த விதியைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தை நானே பல காலம் எழுதி அனுப்பியவன் என்பதால், அதன் பொருளும் எனக்குத் தெரியும்.

ஆகவே வழியை மாற்றிக்கொண்டேன். ரோட்டை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கரையோடு போனால் தோப்பின் பின்பக்கம் போய்ச் சேரலாம். பஸ் கிடையாது; புழுதி கிடையாது; நாரையும் தவளையும்தான். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கரை முழுவதும் வண்டித்தடம் காய்ந்து இறுகிக் கிடந்தது. மடைக்கு மடை கல் துருத்திக்கொண்டிருந்தது. சைக்கிள் குதிரை மாதிரி துள்ளியது. ஆடிக் காற்று எதிரே அடிக்கும்போது கைப்பிடியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டுதான் மிதிக்க முடியும். ஆனாலும் உயிருக்கு ஆபத்தில்லாத வழி. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் டாக்டரிடம் கையைக் காட்டினேன். அவர் விரலைத் தட்டினார், கிள்ளினார், சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் ஒரு தேமல் இருந்தது. வியர்வைக் காலத்தில் வந்து போகிற தேமல்தான். அதைப் பார்த்ததும் டாக்டர் தம் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதீக சார். ஆரம்பந்தான்" என்றார்.

"எதுக்கு ஆரம்பம்?"

அவர் பெயரைச் சொல்லவில்லை. நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடலாம் என்று மட்டும் சொன்னார். (நீரடிமுத்து என்ற மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது. அந்த ஊசி அப்போது ஒரே ஒரு நோய்க்குத்தான்.) குஷ்டம். ஊர் வழக்கில் பெருவியாதி. ஊசியை மட்டும் சொல்லிவிட்டு அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் மெதுவாகத்தான் வீட்டுக்கு வந்தேன். செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. ஊரில் எந்தத் தபாலும் அந்த வேகத்தில் பட்டுவாடா ஆனதில்லை.

அந்த வீட்டில் நானும் தம்பி சுப்பையாவும் சேர்ந்து குடியிருந்தோம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பிக்கு ஒரு மகள். அவளுக்கு உத்தமபாளையத்தில் மாப்பிள்ளை பேசி, பரிசம் போடும் நிலையில் இருந்தது. தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. கொஞ்ச நாளைக்குத் தோப்புல போயி இருந்தா என்ன? அங்கன காத்து நல்லா வரும்."

"இங்கன காத்து வரலையா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரக காதுல விழுந்தா புள்ள வாழ்க்கை போச்சுண்ணே."

கோபம் வந்தது. பிறகு அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் அழுது முடித்துவிட்டு வந்திருந்தான். "நீ இங்கேயே இரு, நான் மட்டும் போறேன்" என்று கோமதியிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, அங்கன ஒங்களுக்கு யாரு சோறு பொங்குவாக? சுண்டுவிரலா?"

தோப்புக் குடிசையில் இருந்தபடி நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான்: இது அந்த நோயா, இல்லையா? அந்த நோய் என்றால் இந்தக் குடிசைதான் இனி என் விலாசம். கோமதிக்கும் அதுதான். இல்லை என்றால், இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். தேனி ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி டாக்டர் இருப்பதாகவும், நரம்புச் சமாச்சாரத்தில் கெட்டிக்காரர் என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

தேனிக்கு பஸ்ஸில் போகலாம் என்று ரோட்டில் நின்றேன். பஸ் நின்றது. கண்டக்டர் மட்டும் படியிலிருந்து நகரவில்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீக. நீங்க ஏறுனா மத்த ஆளுக எறங்கிருவாக."

பெருவியாதிக்காரர் பொது வண்டியில் ஏறக்கூடாது என்ற சட்டம் எனக்கும் தெரியும். அதற்கு முதலில் டாக்டர் சான்று வேண்டும், பிறகு உத்தரவு வேண்டும் என்பதும் தெரியும். கண்டக்டருக்கு அவ்வளவு நடைமுறை தேவைப்படவில்லை. ரோட்டில் எனக்கு இடம் விடாத பஸ், இப்போது உள்ளேயும் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனது.

வேறு வழியில்லாமல் சைக்கிளை எடுத்தேன். விடிந்ததும் கிளம்பி, வழியில் இரண்டு ஊர்களில் உட்கார்ந்து இளைப்பாறி, வெயில் ஏறிய பிறகு தேனி போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் இளவயதுக்காரர். முதலில் என் முதுகுத் தேமலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு முழங்கையின் உள்பக்கம், எலும்புக்கு அருகே விரலால் தடவித் தேடினார். அங்கேதான் அல்நார் நரம்பு ஓடுகிறதாம். (சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அது. பெருவியாதியில் அது கயிறு போலத் தடித்துவிடுமாம்.)

"தடிப்பு இல்லா" என்றார். "கண்ணை மூடுங்க சார். தொடும்போ சொல்லணும்."

பஞ்சால் தொட்டார். உள்ளங்கைப் பக்கம், சுண்டுவிரலின் கீழே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையைத் திருப்பிப் புறங்கையில் தொட்டார்.

"தெரியுது" என்றேன்.

"எங்க?"

"சுண்டுவிரலுக்கு நேர் மேலே, புறங்கையில."

அவர் மறுபடி தொட்டார். மறுபடியும் தெரிந்தது. "அது செரி!" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். டாக்டர்கள் நாற்காலியை முன்னாலும் இழுப்பார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். அந்த நரம்பிலிருந்து புறங்கைக்குப் போகும் கிளை, மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. நரம்பு முழங்கையில் கெட்டிருந்தால் புறங்கையும் மரத்திருக்க வேண்டும். மரக்கவில்லை. ஆகவே கோளாறு மணிக்கட்டுக்குக் கீழே, உள்ளங்கையின் அடியில். வாய்க்காலில் தலைமடையில் அடைப்பா, கடைமடையில் அடைப்பா என்று எந்த வயல் காய்ந்திருக்கிறது என்பதை வைத்துக் கண்டுபிடிப்பதில்லையா, அதே கணக்கு.

"இந்த இடத்துல எப்பவும் என்ன அமுக்குது? ஒலக்கையா? மண்வெட்டியா?"

"பேனாவைத் தவிர நான் எதையும் பிடிச்சதில்லை."

"எப்படி வந்தீங்க?"

"சைக்கிள்ல."

அவர் எழுந்து முற்றத்துக்கு வந்தார். சைக்கிளைப் பார்த்தார். கைப்பிடியில் ரப்பர் தேய்ந்துபோய் இரும்பு தெரிந்தது. "ஏறிக் காட்டுங்க" என்றார். வெயிலாக இருந்தது. வழக்கம்போல இடது கையில் குடையை விரித்துப் பிடித்து, வலது கையைக் கைப்பிடியில் ஊன்றி ஏறினேன். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். பிரசவ வார்டு ஜன்னலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" டாக்டர் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். "எப்பவும் குடை பிடிச்சா ஓட்டுவீங்க?"

"வெயில்ல விரிச்சு. காத்து அடிச்சா மடக்கி."

"மடக்கினாலும் கையிலதானோ?"

"கையிலதான். வேற எங்க வைக்கிறது?"

குடையில்லாமல் வெளியே போகும் உத்தியோகஸ்தரை நான் பார்த்ததில்லை. சைக்கிள் வந்தபோது குடையை விட வேண்டும் என்று எந்த அதிகாரியும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. ஆகவே உடம்பின் முன்பாரம் முழுவதும் வலது உள்ளங்கையின் ஓரத்தில், வெறும் இரும்பின் மேல், மடைக்கு மடை, கல்லுக்குக் கல் இடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குப் பயந்து நான் தேர்ந்தெடுத்த பத்திரமான வழி, தினமும் அந்த நரம்பைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் டாக்டர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. "எனக்கு உறப்புதான். ஆனா ஸ்லைடு பார்க்கணும்" என்றார். (உறப்பு என்றால் மலையாளத்தில் உறுதி.) காது மடலையும் தேமலையும் லேசாகக் கீறி, கசிந்த நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார். (ஸ்லைடு என்பது இந்தக் கண்ணாடித் துண்டுதான். அதில் நோய்க்கிருமி தெரிகிறதா என்று மதுரையில் பார்ப்பார்கள்.) பதில் வரும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது என்றார். சைக்கிளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் நானும் ஒரு சரக்காக உட்கார்ந்து தோப்புக்குத் திரும்பினேன்.

காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டருக்கு உறுதி என்றால் நமக்கும் உறுதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பகலில் புறங்கையைத் தொட்டுப் பார்த்துத் தைரியம் கொள்வேன். சாயங்காலம் முதுகு அரித்தால் அந்தத் தைரியம் போய்விடும். கோமதி என் இலையில் மிஞ்சியதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். வேண்டாம் என்று கத்துவேன். "கத்துறதுக்கு நல்லாத்தான் தெம்பு இருக்கு" என்பாள்.

பதில் வந்தது. கிருமி இல்லை. டாக்டர் ஒரு சான்றும் எழுதிக் கொடுத்தார்: கை மரப்பு சைக்கிள் கைப்பிடி அழுத்தியதால் வந்தது, குஷ்டம் அல்ல.

தம்பியை வரச் சொல்லி அதைப் படித்துக் காட்டினேன். அவன் என் காலில் விழுந்தான். எழுந்ததும் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, அந்தப் பேரு இல்லாம எழுதித் தருவாகளா?"

"எந்தப் பேரு?"

"அதான். காயிதத்துல அந்தப் பேரு இருந்தாலே, என்னமோ இருக்குன்னுதான நெனைப்பாக?"

எனக்கு இன்ன நோய் இல்லை என்று, எந்த நோய் என்பதைச் சொல்லாமல், சான்று வாங்கும் நடைமுறை எந்தக் கையேட்டிலும் இல்லை. இதை அவனிடம் விளக்கிப் பார்த்தேன். என் தொண்டைதான் வறண்டது. கை தேறும்வரை தோப்பிலேயே இருப்பது என்று ஆனது.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓய்வு, உள்ளங்கையில் எதுவும் அழுத்தக்கூடாது, சுண்டுவிரல் வளைந்து இறுகிவிடாமல் மூங்கில் சிம்பு வைத்து ஒரு கட்டு. அதோடு ஒரு பயிற்சி. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்து இறுக்க வேண்டும். இன்னொருவர் அதை உருவப் பார்க்க வேண்டும். காலமெல்லாம் காகிதம் பிடித்தவனுக்குக் கிடைத்த பயிற்சி அது. கோமதி தினமும் காலையில் எதிரே வந்து உட்காருவாள்.

"பிடிங்க."

"பிடிச்சிருக்கேன்."

"எங்க பிடிச்சிருக்கீக? வெண்ணெயில இருந்து உருவுற மாதிரி வருது."

நரம்பு நகம் வளர்வதைப் போலத்தான் வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது வளர்வதில்லை. ஐப்பசி மழை பெய்தது, வாய்க்கால் நிறைந்தது, வயலில் நடவு நடந்தது. காகிதம் வந்துகொண்டேயிருந்தது. தை பிறந்த பிறகு ஒரு காலையில் அவள் இழுத்தாள், வரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வெடுக்கென்று இழுத்தாள். காகிதம் கிழிந்தது. பாதி அவள் கையில், பாதி என் விரலிடுக்கில். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பினோம். முதல் நாள் இலை போட்டார்கள். இரண்டாம் நாளும் இலை. நான் சாப்பிடும் வெண்கலக் கும்பா எங்கே என்று தம்பியைக் கேட்டேன்.

"அது நெளிஞ்சு போச்சுன்னு போட்டுட்டோம்ணே."

வெண்கலம் உடையும்; நெளியாது. கோமதி மட்டும், "எந்தக் கெணத்துல நெளிஞ்சுச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

தம்பி மகளுக்குப் பரிசம் போட்டார்கள். பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பனார் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். வீடே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவனமாக உருட்டி, சிந்தாமல் சாப்பிட்டேன்.

"சம்பந்தி, எல்லாம் கேள்விப்பட்டேன்" என்றார். "சைக்கிள்னாலதானாமே?"

"ஆமா. சைக்கிள்னாலதான்."

"நல்லவேளை சொன்னீக. எம் மகனும் சைக்கிள்லதான் போறான். இன்னைக்கே வித்துப்புடச் சொல்றேன். நமக்கு எதுக்கு அந்தப் பெருவியாதி!"

நான் வாயைத் திறந்தேன். தம்பி எதிர்வரிசையிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டான். வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டேன். சம்பந்தம் நிலைத்தது.

இந்த அளவில் முடிந்திருந்தால் சரி. சில நாளில் ஊர் முழுக்க அதே பேச்சு: சைக்கிள் ஓட்டினால் பெருவியாதி வரும்; படித்த பெரிய மனுஷருக்கே வந்து, தேனியில் ஊசி போட்டுக் குணமானது. ஒருவர் சைக்கிளைப் பரண்மேல் ஏற்றினார். மேகமலை எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறவர் என் வீடு தேடி வந்து, மணிக்கட்டில் தாயத்துக் கட்டினால் போதுமா என்று கேட்டார். ஒரு நாள் கடைத்தெருவில், புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸின் படியிலிருந்து கண்டக்டர் கூவுவதை என் காதாலேயே கேட்டேன்.

"ஏறு, ஏறு! பாளையம், கம்பம்! சைக்கிள்ல போயி கையி கால அழுகவிடாம, பஸ்ல வாங்க சாமி!"

ரோட்டிலிருந்து எங்களைத் தள்ள அதுவரை அவர்களுக்கு ஹாரன் வேண்டியிருந்தது. இப்போது என் சுண்டுவிரல் போதுமானதாக இருந்தது. மனு எழுதலாம். எந்த அலுவலகத்துக்கு? எந்தத் தலைப்பில்?

மறுநாள் கைப்பிடிக்குப் புது ரப்பர் போட்டு, அதன்மேல் பழைய வேட்டித் துணியைத் தடிமனாகச் சுற்றினேன். குடையை வீட்டில் வைத்தேன். தலையில் உருமால் கட்டினேன். வாய்க்கால் கரைப் பக்கம் திரும்பாமல், கடைத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்க இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஏறினேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் போகிறேன். பெருவியாதிக்காரன் சைக்கிளில் போகிறானா, சைக்கிள்காரனுக்குப் பெருவியாதி இல்லையா என்று பார்க்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். சிலர் பரணிலிருந்து சைக்கிளை இறக்கியிருக்கிறார்கள். சிலர் இறக்கவில்லை.

கை முழுதாகத் திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சுண்டுவிரலின் அடியில் இருந்த சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது. செத்துக் கிடந்த இடத்தில் இப்போது எறும்பு ஊர்வது போல ஓர் உணர்ச்சி. மற்ற விரல்களுக்குத் தெரியாததெல்லாம் அதற்குத் தெரிகிறது. பின்னால் பஸ் வருவது காதுக்குக் கேட்பதற்கு முன்பே, கைப்பிடியின் நடுக்கத்தில் அந்த ஓரம் கூசுகிறது. உடனே இறங்கிவிடுகிறேன். பஸ்ஸுக்குப் பணிந்துவிட்டேன் என்று நினைத்துக் கண்டக்டர் கையசைப்பான். நினைத்துக்கொள்ளட்டும்.

முன்பெல்லாம் தோப்பு எவ்வளவு தூரம் என்று கேட்டால் மைல் சொல்வேன். இப்போது எனக்கு மைல் கணக்கு இல்லை. கை தாங்குகிற மட்டும் மிதிப்பேன். பிறகு ஒரு புளியமரம். மறுபடி கை தாங்குகிற மட்டும். மறுபடி ஒரு மரம். சில நாள் மரங்கள் அதிகம், சில நாள் குறைவு. தோப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. தினமும் வேறு வேறு தூரத்தில் இருக்கிறது. புழுதி அடங்கும்வரை மர நிழலில் நின்று, உள்ளங்கையை மேலே திருப்பிப் பார்க்கிறேன். ஊர்ந்த எறும்புகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. எல்லாம் நின்றதும் ஏறுகிறேன்.